ஆமையிழஞ்சான் தோட்டு மீன்

இடவப்பாதி மழை பிடித்து நாலாம் நாள் காலையில் வானம் கொஞ்சம் வெறித்திருந்தது. வஞ்சியூரில் எங்கள் சந்து முடிகிற இடத்தில், ஆமையிழஞ்சான் தோடு என்கிற ஓடையில் போய் விழும் சின்னக் கால்வாய் ஒன்று உண்டு. ஒரு எட்டில் தாண்டிவிடலாம். இரண்டு பையன்கள் அதில் இறங்கி, ஆளுக்கு இரண்டு முனையாகத் தோர்த்துத் துண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். "எலிக்காய்ச்சல் வரும், ஏறுங்கடா" என்று சத்தம் போட்டுக்கொண்டே போனேன். ஒருவன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்:

"அங்கிளே, ஒரு குப்பி தருமோ? கப்பியெ இடானா."

குப்பிக்கும் கப்பிக்கும் ஓர் எழுத்துதான் தூரம். வீட்டிலிருந்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்து வந்தேன். தோர்த்தில் துள்ளிக் கிடந்தவற்றில் ஒன்பது மீன்களை அவர்கள் எடுத்துக்கொண்டு, நான்கை எனக்கு விட்டார்கள். பாட்டில் தந்ததற்கான பங்கு. மூன்று ஆண், ஒரு பெண். அன்றிலிருந்து அந்த பாட்டில் என் எழுது மேசையின் ஜன்னல் பக்கத்தில் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் தினமும் அந்தக் கால்வாயைத் தாண்டிப் போய்வந்திருக்கிறேன். அதில் இருக்கும் மீனை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

பெண் மீன் விரல் நீளம்கூட இல்லை. வெளிறிய சாம்பல் நிறம். செதில்களின் ஓரம் கோடுகோடாக ஓடி உடம்பு முழுக்க மெல்லிய வலை போர்த்தியதுபோல் இருக்கிறது. வயிறு பருத்து, அதன் பின்கோடியில் மிளகளவு ஒரு கறுப்பு. வெளிச்சத்துக்கு எதிரே பாட்டிலைத் தூக்கிப் பிடித்தால் அந்தக் கறுப்புக்குள் இன்னும் சிறிய கறுப்புகள் தெரிகின்றன. அவை குஞ்சுகளின் கண்கள். கப்பி முட்டையிடுவதில்லை. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, மூன்று நான்கு வாரத்தில் நீந்தத் தெரிந்த குஞ்சாகவே வெளியே வருகிறது. ஆண்கள் அவளில் பாதி நீளம். ஆனால் கண் அவற்றின்மேல்தான் போகிறது. ஒன்றுக்குத் தோளில் மைப்பொட்டு, வால் அடியில் மங்கிய ஆரஞ்சு. இன்னொன்றுக்கு விலாவில் பச்சையும் நீலமும் கலந்த மினுக்கம், திரும்பும்போது மட்டும் தெரிந்து மறைகிறது. மூன்றாவதில் கறுப்புக் கோடு ஒன்று வளைந்து போகிறது. மூன்றில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. பெண்ணின் முன்னால் வந்து உடம்பை வில்லாக வளைத்து, துடுப்புகளை விரித்து, ஒரு நொடி நடுங்கிக் காட்டுகின்றன. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவை விடுவதுமில்லை.

இந்த மீனின் ஊர் திருவனந்தபுரம் அல்ல. தென்னமெரிக்காவின் வடகோடி: வெனிசுவேலா, கயானா, அவற்றுக்கு எதிரே கடலில் கிடக்கும் டிரினிடாட் தீவு. 1859இல் பெர்லினைச் சேர்ந்த வில்ஹெல்ம் பீட்டர்ஸ் இதை முதலில் விவரித்து, உடம்பின் வலைப்பின்னலை வைத்து ரெட்டிகுலாட்டா என்று பெயரிட்டார். அவர் கைக்குக் கிடைத்த மீன்கள் காரகஸ் நகரத்தின் ஊடாக ஓடும் குவைரே ஆற்றிலிருந்து வந்தவை. அந்த ஆறு இன்று காரகஸின் சாக்கடையைச் சுமந்து ஓடுகிறது. இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மீனுக்கு உலகம் முதன்முதலாகப் பெயர் வைத்த தண்ணீரும், என் சந்து முனையில் அது வந்து சேர்ந்த தண்ணீரும் ஒரே கதியை அடைந்திருக்கின்றன.

கப்பி என்ற பெயர் ஏழு வருஷம் கழித்து வந்தது. ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி லண்டனில் பிறந்தவர், இளமையில் கப்பல் உடைந்து நியூசிலாந்தில் மாவோரி மக்களிடையே இருந்தவர், பிறகு டிரினிடாடில் பள்ளிக்கூடங்களின் கண்காணிப்பாளரானவர். அவருக்கு உண்மையான பிரியம் பாறைகளிலும் கிளிஞ்சல் புதைபடிவங்களிலும்தான். அவர் அனுப்பிய சில மீன்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆல்பர்ட் குந்தர் 1866இல் புது இனம் என்று எண்ணி அவர் பெயரைச் சூட்டினார். புது இனம் அல்ல என்பது பின்னால் தெரிந்து அறிவியல் பெயர் பீட்டர்ஸுடையதாகவே நின்றது. ஆனால் ஜனங்களின் வாயில் கப்பி தங்கிவிட்டது.

1866 என்ற வருஷம் எனக்கு வேறு ஒரு காரணத்தாலும் மனதில் தைத்தது. டிரினிடாடின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் போய்ச் சேர்ந்தது அதற்கு முன்பே, 1845 மே 30. கல்கத்தாவிலிருந்து போன கப்பல்தான் அது. பின்னாளில் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அங்கே போன தமிழர்களை மற்றவர்கள் மதராசி என்று அழைத்தார்கள். கரும்பு விளைந்தது பெரும்பாலும் கரோனி என்ற சமவெளியில். அதன் நடுவே ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர். கப்பியின் இயல்பைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு அந்தக் கரோனியின் கிளையாறுகளில் கண்டதுதான். கப்பி என்கிற துரை மீன்களைக் குப்பியில் அடைத்து லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அந்நாட்களில், அந்தச் சமவெளியின் வாய்க்கால்களில் கால் கழுவ இறங்கிய தமிழ்ப் பெண்ணின் கணுக்காலைச் சுற்றி இந்த மீன்கள் மொய்த்திருக்கும். அவள் அதற்கு ஏதாவது பேர் வைத்திருப்பாள். நம்மிடம் அது வந்து சேரவில்லை.

அங்கே இதற்கு இன்னொரு பேர் உண்டு: மில்லியன்ஸ். லட்சக்கணக்கில் திரிவதால். பக்கத்திலுள்ள பார்படோஸ் தீவில் மலேரியா இல்லை. அதற்குக் காரணம் அங்கே குட்டைக்குக் குட்டை நிறைந்திருக்கும் இந்த மீன் கொசுப் புழுவைத் தின்றுவிடுவதுதான் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. மலேரியாவைக் கொசுதான் சுமக்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டு சொன்னது 1897இல். எதிரி யார் என்று தெரிந்தபின் ஆயுதம் தேடுவது இயல்பு. மீன்கள் தகரங்களில் அடைபட்டு உலகம் முழுக்கப் புறப்பட்டன. இந்தியாவுக்கு வந்தது 1910ஐ ஒட்டி. இதன் உறவினமான கம்பூசியா, தமிழ்நாட்டில் நகராட்சிக்காரர்கள் கிணறுகளில் விட்டார்களே அந்த மீன், 1928இல் இத்தாலி வழியாக வந்தது. பார்படோஸில் மலேரியா பரவாமல் போனதற்கு உண்மையில் மலேரியாவைச் சுமக்கும் அனாபிலிஸ் கொசு அந்தத் தீவில் அப்போது குடியேறாமல் இருந்ததே போதுமான காரணம். அதற்குள் மீன் கடல் தாண்டிவிட்டது.

வந்த வேலை அது. ஆனால் உயிர் ஒன்றை ஒரு வேலைக்கென்று அழைத்து வந்தால் அந்த வேலை மட்டும்தான் வந்து சேரும் என்று எப்படி நினைக்க முடியும்? அதன் வரலாறும் கூடவே வருகிறது.

விலாங்கு மீன்கள் முட்டையிடும் கடலைத் தேடி அட்லாண்டிக்கில் வருஷக்கணக்காக அலைந்த டென்மார்க்காரர் யோஹன்னஸ் ஷ்மிட், 1920இல் கப்பியைப் பற்றி ஒன்று எழுதினார்: ஆணின் துடுப்பில் உள்ள ஒரு கறும்புள்ளி தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. மகளின் வழியாகப் பேரனுக்குப் போவதில்லை. அடுத்து அதே நாட்டவரான ஓய்விண்ட் விங்கே, ஆணுக்கு மட்டும் உரிய ஒய் குரோமோசோமில் நிறத்துக்கான மரபணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று விளக்கினார். என் பாட்டிலில் இருக்கும் மைப்பொட்டுக்காரனின் பொட்டு, அவன் அப்பனுக்கும் அவன் அப்பனுக்கும் இருந்திருக்க வேண்டும். எத்தனை தலைமுறை? இரண்டு மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும் மீனுக்கு நூறு வருஷம் என்பது சில நூறு தலைமுறை. நம் கணக்கில் அது சங்க காலத்துக்கும் முந்திப் போய்விடும்.

டிரினிடாடின் வடக்கு மலைத்தொடரில் ஆறுகள் அருவி அருவியாக இறங்குகின்றன. அருவிக்குக் கீழே கிரெனிசிக்லா போன்ற பெரிய வேட்டை மீன்கள் இருக்கின்றன. அவற்றால் அருவி ஏற முடியாது. மேலே ரிவுலஸ் என்று ஒரு சின்ன மீன், அது குஞ்சுகளைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். கீழே வாழும் ஆண் கப்பிகள் மங்கலாக இருப்பதையும் மேலே வாழ்பவை பளீரென்று இருப்பதையும் பலர் கவனித்திருந்தார்கள். ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் கவனித்ததோடு நிற்கவில்லை. 1976இல் அரிப்போ ஆற்றின் வேட்டை மீன்கள் நிறைந்த பகுதியிலிருந்து 200 கப்பிகளைப் பிடித்து, கப்பியே இல்லாத, ரிவுலஸ் மட்டுமே இருந்த ஒரு மேல்கிளையில் விட்டார். இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஆண்களின் உடம்பில் புள்ளிகள் கூடியிருந்தன, பெரிதாகியிருந்தன, நிறமும் பெருகியிருந்தது. பிரின்ஸ்டனில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் குளங்கள் கட்டி, அடியில் சிலவற்றில் பொடிக் கல்லும் சிலவற்றில் பெருங்கல்லும் பரப்பி அதையே மறுபடி செய்து பார்த்தார். வேட்டை மீன் இருந்த குளங்களில், தலைமுறைகள் போகப்போக, ஆண்களின் புள்ளிகள் தரையிலிருந்த கல்லின் அளவுக்கு ஒத்துப்போயின. வேட்டை மீன் இல்லாத குளங்களில் கல்லோடு ஒட்டாமல் எடுத்துக் காட்டும் அளவுக்கு மாறின. 1980இல் அவர் இதை வெளியிட்டார்.

தின்ன வருகிறவனின் கண்ணுக்குத் தப்ப வேண்டும், தேர்ந்தெடுக்க வருகிறவளின் கண்ணில் பட வேண்டும். இரண்டு பார்வைக்கும் நடுவில் அந்த மூன்று சென்டிமீட்டர் உடம்பு தன் நிறத்தைப் பேரம் பேசி வாங்கிக்கொள்கிறது. பரிணாமம் என்றால் கோடி வருஷம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு, இரண்டு வருஷம் என்ற அந்தக் கணக்கு இன்னும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. நிறம் மட்டுமல்ல. அதே ஓடைகளில் டேவிட் ரெஸ்னிக் பதினோரு வருஷம் தொடர்ந்து பார்த்தார். ஆபத்துக் குறைந்த தண்ணீருக்கு மாறிய கப்பிகள் பருவமடைய அதிக நாள் எடுத்துக்கொண்டன, குறைவாகக் குஞ்சு போட்டன, போட்ட குஞ்சுகள் பெரிதாக இருந்தன. சாவு அருகில் இருக்கும் இடத்தில் அவசரமாக, நிறைய. சாவு தள்ளி நிற்கும் இடத்தில் நிதானமாக, சிலவே. நம் பாட்டிகளின் பேறுகாலக் கணக்கும் நம் மகள்களுடையதும் ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா?

பெண்களுக்கு ஆரஞ்சின்மேல் இருக்கும் ஈர்ப்புக்கு 2002இல் ஒரு காரணம் சொன்னார்கள். டிரினிடாடின் காட்டோடைகளில் ஒரு மரத்தின் ஆரஞ்சு நிறப் பழங்கள் விழும். கப்பிகள் அவற்றை மொய்த்துத் தின்னும். ஆராய்ச்சியாளர்கள் ஆரஞ்சு வில்லை ஒன்றைத் தண்ணீரில் இறக்கினாலே ஆணும் பெண்ணும் வந்து கொத்திப் பார்த்தன. தின்பண்டத்தின் நிறத்தைக் காதலன் பூசிக்கொண்டு வருகிறான். அந்த நிறம் முழுவதையும் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாது, ஒரு பகுதியைப் பாசியைத் தின்று அதிலிருந்து எடுக்க வேண்டும். நல்ல பாசி நல்ல வெயில் விழும் ஓடையில்தான். ஆகவே ஆரஞ்சுப் புள்ளி ஒரு மீன் எங்கே மேய்ந்தது என்பதற்கான அத்தாட்சியும்கூட.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் பாட்டிலை மறுபடி பார்த்தேன். வால் அடியில் அந்த மங்கிய ஆரஞ்சு. வஞ்சியூர்க் கால்வாயில் பழம் விழுவதில்லை. பக்கத்துச் சுவரிலிருந்து சாய்ந்த பப்பாளி ஒன்று இருந்தது, அதையும் வெட்டிவிட்டார்கள். பால் கவரும் எண்ணெய்ப் படலமும் மிதக்கும் தண்ணீரில் வெயில் ஒரு சாண் ஆழம்கூட இறங்குவதில்லை. அந்தக் கலங்கலில் பெண் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாள்? மடையானும் மீன்கொத்தியும் மேலிருந்து பார்க்கின்றன. கீழே தடை செய்யப்பட்டும் எங்கும் பரவிவிட்ட ஆப்பிரிக்க முஷி இருக்கிறது. அரிப்போவில் கல் எழுதியதை இங்கே சேறு எழுதிக்கொண்டிருக்கிறது. சுமார் நூறு வருஷமாக நம் ஊர்ச் சாக்கடை ஒவ்வொன்றும் இந்த மீனின்மேல் எதையோ எழுதிவந்திருக்கிறது. அதைக் குனிந்து படித்தவர்கள் குறைவு.

எங்கள் வார்டின் ஆஷா ஊழியர், நான் சேச்சி என்று கூப்பிடும் அம்மா, வருஷா வருஷம் மழைக்கு முன்னால் வருவார். தோளில் பை, கையில் டார்ச். பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு, மொட்டை மாடியில் கவிழ்க்காமல் விட்ட வாளி எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்ப்பார். வெள்ளி பள்ளிக்கூடம், சனி அலுவலகம், ஞாயிறு வீடு என்று தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டிய டிரை டே கணக்கை ஞாபகப்படுத்துவார். ஒருமுறை என் ஈரத்துணி வாளியில் டார்ச் ஒளியைக் காட்டி, "சாரே, நோக்கு, கூத்தாடி" என்றார். மலையாளத்தில் கொசுப் புழுவுக்கு அதுதான் பேர். ஒளி பட்டதும் தலைகீழாக வளைந்து நெளிந்து ஆடி இறங்கின. இவ்வளவு பொருத்தமான பேரை நம் தமிழ் மேடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, கொசுவுக்கு வெறும் புழு என்று வைத்திருக்கிறோமே என்று தோன்றியது.

"தோட்டில்தான் கப்பி இருக்கே சேச்சி, பின்னே ஏன் டெங்கு?" என்று கேட்டேன்.

"சாரே, தோட்டில் இருக்கிற கொதுகு வேற. டெங்குவோட கொதுகுக்கு நல்ல வெள்ளம் வேணும். அது நம்ம வீட்டுக்குள்ளதான்."

அவர் சொன்னதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. யானைக்காலைப் பரப்பும் கியூலெக்ஸ் அழுக்குத் தண்ணீரில் முட்டையிடும். அதற்குச் சாக்கடையில் கப்பி விடுவதில் நியாயம் உண்டு. டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் சுமக்கும் ஏடிஸ் தெளிந்த தண்ணீரை, அதுவும் ஒரு கை நீரை, தேடி வரும். 2007இல் மத்திய கேரளத்தின் ரப்பர்த் தோட்டப் பகுதிகளில் சிக்குன்குன்யா வீடு வீடாக ஆட்களைப் படுக்க வைத்தபோது, பால் வடிக்க மரத்தில் கட்டிய சிரட்டைகளில் மழைநீர் தேங்கி அதில் கூத்தாடிகள் ஆடின. சிரட்டையில் எந்த மீனை விடுவது? இன்னும் பழைய கதை சேர்த்தலையினுடையது. 1930களில் திருவிதாங்கூரில் யானைக்காலை ஆராய்ந்த எம்.ஓ.டி. ஐயங்கார், அங்கே நோயைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு ஆகாயத்தாமரையின் வேரில் தன் மூச்சுக்குழலைச் செருகிக்கொண்டு நீருக்கடியிலேயே இருந்துவிடுகிறது என்பதைக் கணக்கில் எடுத்து, செடியை வாரி எறிவதே வழி என்று காட்டினார். மேற்பரப்பில் மேயும் மீனுக்கு அது எட்டாது. ஒவ்வொரு கொசுவுக்கும் ஒரு தண்ணீர், ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு வழி. அந்த நுணுக்கத்தை அன்று ஒருவர் வேரைப் பிடுங்கிப் பார்த்துக் கற்றார்.

கப்பியால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். கர்நாடகத்தில் கிராமத்துக் கிணறுகளில் கப்பி விட்டு மலேரியாவைச் சுமக்கும் கொசு குறைந்ததை 2005இல் பதிவு செய்திருக்கிறார்கள். கிணறு மூடிய இடம், கொசு எது என்று தெரிந்த இடம், மீன் இருக்கிறதா என்று ஆள் போய்ப் பார்க்கிற இடம். அங்கே அது வேலை செய்யும். ஆனால் உலகம் முழுக்க நடந்த கப்பி விடுதல்களைத் தொகுத்துப் பார்த்து 2016இல் வந்த ஓர் ஆய்வு, கொசு குறைந்ததற்கான உறுதியான சான்று மெலிந்தது, ஓடைகளுக்கு வரும் கேடு கனமானது என்று எச்சரித்தது. திறந்த தோட்டில் அள்ளி வீசுவதும் கிணற்றில் எண்ணி விடுவதும் ஒன்றல்ல.

ஆமையிழஞ்சான் என்ற பேரைப் பிரித்தால் ஆமை இழைந்த, அதாவது ஆமை ஊர்ந்து போன, தோடு. அப்சர்வேட்டரி குன்றுப் பக்கம் தொடங்கி, தம்பானூர் வழியாக வந்து, கண்ணம்மூலையைத் தாண்டி ஆக்குளம் காயலில் சேர்கிறது. பேர் வைத்தவர்கள் ஆமையைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். இன்று அதில் ஊர்வது பிளாஸ்டிக். 2024 ஜூலை 13 காலை, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் தோடு குகைபோல் புகுந்து போகும் இடத்தில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவரைத் திடீரென்று பெருகிய தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. முங்கிப் பார்க்கும் வீரர்களும் ரோபோவும் அந்த இருட்டில் குப்பையை விலக்கி விலக்கித் தேடினார்கள். மூன்றாம் நாள் காலையில் உடல் எங்கள் பக்கத்தில் தகரப்பறம்பு அருகே மிதந்து வந்தது. நான் அந்த இரண்டு நாளும் கால்வாயைத் தாண்டவில்லை, சுற்றிப் போனேன். தண்ணீரை ஓட வைப்பது ஒரு நகரத்தின் முதல் வேலை. அந்த வேலையை நாம் பாதி ஒரு மனிதனின் வெறுங்கையிலும் பாதி ஒரு மீனின் வாயிலும் விட்டுவைத்திருக்கிறோம். மீன் தாக்குப்பிடித்துவிட்டது. வாய் மேல்நோக்கித் திறந்திருப்பதால், பிராணவாயு செத்துப்போன தண்ணீரிலும் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் மிச்சமிருப்பதை உறிஞ்சிக்கொள்ள அதற்குத் தெரியும். மனிதனுக்கு அந்த வாய் இல்லை.

அதே தோட்டில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு மீனும் இருக்கிறது. உடம்பு முழுக்க எலும்புத் தகடு, அடியில் உறிஞ்சும் வாய், வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் பாசி தின்ன வைக்கிற சக்கர் மீன். பெரிதாகிவிட்டதும் தொட்டி போதாமல் போய் யாரோ கொண்டுவந்து விட்டார்கள். இந்த நகரத்தின் வடிகாலில் அது குடும்பமாகப் பெருகியிருப்பதைக் கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல் துறையினர் 2015இல் எழுதினார்கள். 2018 பெருவெள்ளத்துக்குப் பின் மத்திய கேரளத்து ஆறுகளில் வலை வீசியவர்களுக்கு அமேசானின் அரபைமா கிடைத்தது செய்தியானது. ஆளுயரத்துக்கு வளரும் மீன், அதனால் எல்லோரும் பார்த்தார்கள். கப்பி வந்தது யாருக்கும் செய்தி இல்லை. கப்பி பரவ வெள்ளமும் வேண்டாம். பெண் ஒன்று ஒருமுறை வாங்கிய விந்தை மாதக்கணக்கில் உள்ளே சேமித்து வைத்து, ஆணே இல்லாமல் அடுத்தடுத்துக் குஞ்சு போடும். டிரினிடாடில் நடந்து 2011இல் வெளியான ஒரு சோதனையில், தொட்டிக்கு ஒரே ஒரு கருவுற்ற பெண்ணாக விட்டார்கள். இரண்டு வருஷம் கழித்தும் பெரும்பாலான தொட்டிகளில் கூட்டம் நிலைத்து நின்றது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு பெண் மீன் என்றால், கையில் ஒரு முழு ஊர் இருக்கிறது என்று அர்த்தம்.

என் பாட்டில் மீன் பத்தாம் நாள் இரவு குஞ்சு போட்டது. காலையில் பார்த்தபோது பதினேழு. கண்ணிமை ரோமம் நீளத்தில் கண்ணும் வாலும். சில பாட்டிலின் ஓரத்தில் தன் நிழலோடு ஒட்டி நின்றன. தாய் திரும்பி ஒன்றை விழுங்கியது. அவசரமாக அவளையும் ஆண்களையும் ஒரு சருவத்துக்கு மாற்றினேன். மத்தியானம் எண்ணியபோது பதினாறு இருந்தன. தாயை நான் வெறுக்கவில்லை. சாக்கடையில் குஞ்சுக்குக் கிடைக்கும் முதல் பாடம் அதுதான், அரிப்போவிலும் அதுதான்.

ஆனால் இவற்றை என்ன செய்வது என்று மலைத்துப்போனேன். கால்வாயில் திரும்ப விடலாம், அங்கே ஏற்கெனவே லட்சம் இருக்கிறது. வெள்ளாயணிக் காயலில் விட ஒருவர் யோசனை சொன்னார், "நல்ல தண்ணீர், பாவம் பிழைத்துப் போகட்டும்" என்று. அந்த இரக்கத்தின் வழியாகவும்தான் உலகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த மீன் குடியேறியிருக்கிறது. முடியாது என்றேன். அந்தி நேரத்தில் தோர்த்துப் பையன் வந்தான். தன் ஒன்பதில் ஏழு செத்துவிட்டதாம், குழாய்த் தண்ணீரின் குளோரின் தாங்காமல் இருக்கும்.

"அங்கிளே, குஞ்ஞுங்களெ எனக்குத் தருமோ? எங்க வீட்டுக் கிணற்றில் இடாம். கொதுகு போகும்."

தருவதற்கு முன் கிணற்றைப் பார்க்கிறேன் என்றேன். இரண்டு சந்து தள்ளி அவன் பாட்டி வீடு. பழைய கல் கட்டிய கிணறு, ராட்டினம் துருப்பிடித்துத் தொங்குகிறது, உள்சுவரில் பெரணி. மழையில் நீர் கையெட்டும் உயரத்துக்கு ஏறியிருந்தது. வாயிலில் உட்கார்ந்திருந்த பாட்டி, "எந்தா மோனே, கிணற்றில் எந்து நோக்குந்நு?" என்று கேட்டார். மீன் இருக்கிறதா என்று பார்க்கிறேன் அம்மா என்றேன். "அதில் மானத்துக்கண்ணி உண்டு. என்னைக் கட்டிக் கொண்டுவந்த காலத்திலேயே உண்டு" என்றார்.

மானத்தைப் பார்க்கும் கண்ணி. மேற்கு மலையின் இந்தப் பக்கத்து வாய்க்கால்களிலும் குளங்களிலும் கப்பி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இருக்கிற மீன். கப்பியைப்போலவே மேற்பரப்பில் நின்று கொசுப் புழுவைப் பிடிக்கும். டிரினிடாடின் அருவிக்கு மேலே கப்பிக் குஞ்சுகளைத் தின்கிற ரிவுலஸுக்கு இது தூரத்து உறவு. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே குடும்பமாக எண்ணி வைத்திருந்தார்கள். இது முட்டையை நீர்ச்செடியின் வேரில் ஒட்டி வைக்கும். அந்தச் செடியும் தெளிந்த தண்ணீரும் இருந்தால்தான் இதற்கு அடுத்த தலைமுறை உண்டு.

பையன் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். "இடட்டே?"

"வேண்டாம் மக்கா. கொஞ்சம் இரு" என்றேன்.

இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்தோம். முதலில் எங்கள் இரண்டு தலைகளும் நடுவே வானமும் மட்டுமே தெரிந்தன. பெரணியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து வளையம் விரிந்தது. வளையம் அடங்கும்போது, நிழலாகக் கிடந்த ஓரத்திலிருந்து ஒரு வெள்ளிப் பொட்டு நகர்ந்து வந்து நின்றது. மீன் தெரியவில்லை, அதன் நெற்றிப் பொட்டு மட்டும். பிறகு இன்னொன்று. பையன் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தான். "ஒந்நு, ரண்டு, மூந்நு..." ஆறு வரை எண்ணியதும் ஒன்று நகர்ந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.